லாஞ்சு போன கோடு

தம்பி, தப்பா நினைக்காதீங்க. அந்த போனைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுக்கிறீங்களா? பாட்டுக் கேளுங்க, படம் பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த மேப்பு மட்டும் வேணாம். நீலப் புள்ளி ஒண்ணு ஊர்ந்துகிட்டே வருது பாருங்க, அது எனக்கு ஆகாது. திருப்பூருக்கு வழி தெரிஞ்ச டிரைவர்தான் ஓட்டுறாரு. பயப்படாதீங்க.

நானும் டிரைவர்தான். பஸ்சு இல்ல, லாஞ்சு. கடல்ல மடி, அதான் பெரிய பை வலை, அதை இழுக்கிற விசைப்படகு. முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன். சொந்த லாஞ்சு. இப்ப திருப்பூர்ல ஒரு நூல் குடோன்ல வாட்ச்மேன். பேரு தனவேல். எங்க கடக்கரையில வந்து கேட்டுப் பாருங்க, தனவேல் யாருன்னு. வேணாம், கேக்காதீங்க. இப்ப வேற மாதிரி சொல்லுவாங்க.

எல்லாம் ஒரு வயரால வந்தது தம்பி. போனுக்கு சார்ஜ் போடுறமே, அது மாதிரி ஒரு சாண் வயர். ஒரு முனையை மெஷின்ல சொருகி, இன்னொரு முனையைக் கம்ப்யூட்டர்ல சொருகினா அவ்வளவுதான், ஒரு மனுஷனோட முப்பத்தோரு வருஷம் போச்சு.

எனக்கு ஒரே தங்கச்சி. பூங்காவனம். அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. அவளை நான்தான் கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை சிங்காரவேலு. பைபர்னு சொல்ற சின்னப் படகு ஒண்ணு வெச்சுக் கரையோரமாத் தொழில் பண்றவன். நல்லவன்தான். நான் கெட்டவன்னு சொன்னதே இல்ல. கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்துச்சு, மறைக்கல. என் மடி அவன் வலையைக் கிழிச்சிட்டுதுன்னு பஞ்சாயத்துல நிறுத்திட்டான். லாஞ்சு கரைக்கு இவ்வளவு கிட்ட வந்து இழுக்கக் கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு. எல்லாரும்தான் இழுக்கிறாங்க. என்னை மட்டும் நிறுத்தினான். ஊரு கூடி இருக்கையில, பொம்பளைங்க எல்லாம் பார்க்கையில, என்னை விழுந்து கும்பிட வெச்சாங்க. மச்சான்னு பார்க்கல. பொண்ணு குடுத்தவன்னு பார்க்கல.

அதை நான் மனசுல வெச்சுக்கல. அன்னிக்கே விட்டுட்டேன். புரட்டாசில நடந்தது அது. நீங்க கேட்டதால சொல்றேன்.

கேக்கலியா? சரி.

கார்த்திகை மாசம், ஒரு வியாழக்கிழமை. காலையில கடல் நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல வாடைக் காத்து திரும்பிடுச்சு. அப்படி ஒரு காத்து. லாஞ்சுல நாங்க நாலு பேரு. நானு, அஞ்சப்பன், அப்புறம் ரெண்டு ஆளுங்க. மடி தண்ணியில கிடக்கு. ரெண்டே முக்கால் மணி இருக்கும். அஞ்சப்பன்தான் காட்டினான். "அண்ணே, அங்க ஒரு பைபர் கவுந்து கிடக்கு பாருங்க"ன்னான். பார்த்தேன். கவுந்த படகு மேல ரெண்டு ஆளு. ஒருத்தன் சட்டையைக் கழட்டி வீசுறான்.

யாருன்னு தெரிஞ்சுதான்னு கேப்பீங்க. கடல்ல எல்லா பைபரும் ஒரே மாதிரிதான் தம்பி. அடிப்பக்கம் பச்சை பெயிண்டு. எங்க ஊர்ல பச்சை அடிப்பக்கம் சிங்காரவேலு ஒருத்தன்தான் அடிச்சிருந்தான். அது வேற விஷயம்.

இப்ப ஒண்ணு கேக்குறேன், நீங்க படிச்சவரு, சொல்லுங்க. மடி தண்ணியில கிடக்கையில லாஞ்சு திருப்ப முடியுமா? முடியாது. மடியை அறுத்து விடணும். இல்லாட்டி கயிறு சுத்துற வின்ச்சுல சுத்தி ஏத்தணும். அறுத்து விடலாம்னு அஞ்சப்பன் கத்தியை எடுத்துட்டான். நான்தான் "பொறுடா"ன்னேன். மடின்னா சும்மாவா? ஏத்தினோம். ஏத்தினதுக்கப்புறம் அலை இன்னும் பெருசா வந்துடுச்சு. கிட்டப் போனா என் லாஞ்சு அவங்க மேலயே ஏறியிருக்கும். நாலு பேரு உசிரு என் கையில. நான் பார்த்தப்ப அங்க யாரும் இல்ல. யாரும் இல்லன்னு வெச்சுக்கங்க. கரைக்குத் திருப்பிட்டேன்.

வர்ற வழியில நாலு பேரும் கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணினோம். எதையும் பார்க்கலன்னு. பார்த்தோம்னு சொன்னா ஊரு வேற மாதிரிப் பேசும். அந்தப் பஞ்சாயத்து விஷயம் வேற இருக்குல்ல, அதோட சேர்த்து முடிச்சுப் போடுவாங்க. அதுக்காகத்தான்.

கரையில பூங்காவனம் நின்னுகிட்டிருந்தா. மழையில முழுக்க நனைஞ்சு நிக்கிறா. "அண்ணே, அவரைப் பார்த்தியா?"ன்னா. "நான் தெக்கால சுத்தி வந்தேன், பார்க்கல"ன்னேன். ஒரு வார்த்தைதான் தம்பி. ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் அதையேதான் சொல்லணும்.

அவன் போட்டுல அவனும் காசிநாதனும். காசிநாதனுக்கு அறுவது வயசு, பக்கத்துத் தெரு. கவுந்த உடனே சிங்காரவேலு கையில வெச்சிருந்த வயர்லெஸ்ல தான் இருக்கிற இடத்தோட ஜிபிஎஸ் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். தண்ணியில விழுந்தாலும் கெடாத வயர்லெஸ்சு அது. தூரத்துல, வேற ஊரு லாஞ்சு டிரைவர் ஒருத்தர் காதுல அது விழுந்திருக்கு. அவரு உள்ளங்கையிலயே எழுதி வெச்சு, கரைக்குச் சொல்லிட்டாரு. மறுநாள் காத்துக் கொஞ்சம் அடங்கினதும் அந்த இடத்துக்குப் போய்த் தேடினாங்க. ஒண்ணும் இல்ல. கடல் என்ன, வெச்ச இடத்துலயே வெச்சிருக்குமா?

சனிக்கிழமை விடியக் காசிநாதன் கரை ஒதுங்கிட்டாரு. தெக்க, ரொம்ப தூரம் தள்ளி.

அப்பத்தான் சுகந்தி ஆரம்பிச்சா. பூங்காவனத்தோட ஒரே பொண்ணு. என் கையில வளர்ந்தவ. எங்க தெருவுல முதல்ல காலேஜுக்குப் போனவ அவதான், நான்தான் சேர்த்து விட்டேன். நில அளவை பண்ற ஒரு கம்பெனில வேலை. சாட்டிலைட் சொல்றதை வாங்கிக்கிற மெஷினைத் தோள்ல மாட்டிகிட்டு வயல் வரப்பெல்லாம் நடப்பா. சாயங்காலம் அதைக் கம்ப்யூட்டர்ல சொருகினா, அவ நடந்த வழியெல்லாம் அப்படியே கோடா விழுமாம். எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது. என் லாஞ்சுலயும் ஜிபிஎஸ் இருக்கு. எனக்கு அது முன்னால இருக்கிற திரை, அவ்வளவுதான். மீனு கிடைச்ச இடத்துல ஒரு பாயிண்ட் அடிப்பேன், அடுத்த தடவை அந்தப் பாயிண்டுக்குப் போவேன். அது உள்ளுக்குள்ள உக்காந்து எழுதிகிட்டே இருக்கும்னு எவன் கண்டான்?

"மாமா, வியாழக்கிழமை கடல்ல இருந்த லாஞ்சு ஜிபிஎஸ் எல்லாம் வேணும். எஞ்சினை அடக்கி நின்ன நேரத்துல லாஞ்சு எந்தப் பக்கம் இழுபட்டுதுன்னு பார்த்தா நீரோட்டம் தெரிஞ்சுடும். அப்பா எந்தப் பக்கம் போயிருப்பாருன்னு கண்டுபிடிச்சிடலாம். உசிரோட இருப்பாரு மாமா, அவருக்கு நீச்சல் நல்லா வரும்"ன்னா.

எப்படி இல்லன்னு சொல்றது? நானே கழட்டிக் கொண்டுபோய்க் குடுத்தேன். குடுக்கிறதுக்கு முன்னால பாயிண்ட் எல்லாத்தையும் அழிச்சேன். அது தொழில் ரகசியம், எல்லா டிரைவரும் செய்யிறதுதான். வியாழக்கிழமை அடிச்சதை மட்டும் இல்ல, எல்லாத்தையும்தான் அழிச்சேன்.

அவ வீட்டுக் கூடத்துல வெச்சுப் பார்த்தா. சனிக்கிழமை காலையில பத்து மணி. நாங்க நாலஞ்சு பேரு நிக்கிறோம், பூங்காவனம் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. முதல்ல அஞ்சு லாஞ்சோட மெஷினைச் சொருகினா. கம்ப்யூட்டர்ல நம்பர் நம்பரா மேல ஓடுது. மழை பெய்யிற மாதிரி ஓடுச்சு. அப்புறம் கடல் படம் வந்து, அது மேல ஒவ்வொரு கோடா விழுந்துச்சு. கடைசியா என்னுது. மஞ்சள் கோடு.

முதல்ல அவளுக்குச் சந்தோஷம்தான். "மாமா, உங்க கோடுதான் ரொம்பக் கிட்ட இருக்கு!"ன்னு திரும்பிச் சிரிச்சா. அப்புறம் அந்த டிரைவர் கையில எழுதின நம்பரைத் தட்டினா. ஒரு சிவப்புப் புள்ளி விழுந்துச்சு. என் கோட்டுக்குப் பக்கத்துலயே. ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல் வைக்கலாம்.

"மாமா, நீங்க தெக்கால வந்தேன்னு சொன்னீங்களே"ன்னா.

"ஆமா."

"இது அப்படிக் காட்டலியே. பத்து செகண்டுக்கு ஒரு புள்ளி எழுதியிருக்கு மாமா. இங்க நின்னிருக்கீங்க. இருபத்திரண்டு நிமிஷம்."

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. பூங்காவனம் மட்டும் பார்க்கல. நான் பதறல தம்பி. முப்பத்தோரு வருஷ அனுபவம். "பாப்பா, மழைக் காலத்துல சாட்டிலைட் சரியாக் கிடைக்காது. அன்னிக்கு முழுக்க அது தப்புத் தப்பாத்தான் காட்டிச்சு. கடல்ல நீயா இருந்த, நானா இருந்தேன்? என்னுதைத் தள்ளிட்டு மத்த கோட்டை வெச்சுப் பாரு"ன்னேன். நிதானமாத்தான் சொன்னேன். எல்லாரும் ஆமான்னாங்க. வயசுல மூத்தவன் பேச்சு. அவளும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "மெஷின் தப்பாத்தான் இருக்கும்"னு சொல்லி வயரை உருவிட்டா. மாமனை நம்பினா. அவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்தா என் மேல.

மத்த லாஞ்சு எல்லாம் ஆழத்துல நின்னதுங்க. ஆழத்துல ஓட்டம் நேர் தெக்க. அதை வெச்சு சனிக்கிழமை பூரா எட்டுப் படகு தெக்க போய்த் தேடிச்சு. நானும் போனேன் தம்பி! என் லாஞ்சுக்கு நானே டீசல் போட்டுப் போனேன். பொழுது சாயிற வரைக்கும் தேடினேன். அதை எவனும் இப்ப பேசுறதில்ல.

ஞாயித்துக்கிழமை காலையில ஐஸ் பேக்டரி வாசல்ல நிக்கிறேன், சுகந்தி வந்தா. தனியாத்தான் வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு.

"மாமா, அந்தக் கோட்டைத் திரும்பப் பார்த்தேன். நீங்க அன்னிக்குக் காலையில வெளிய போனதும் சாயங்காலம் உள்ள வந்ததும் அதுல இருக்கு. முகத்துவாரத்துல ரெண்டு பக்கமும் கல்லு கொட்டியிருக்குல்ல, அதுக்கு நடுவுல கோடு சரியாப் போயிட்டு சரியா வருது. மெஷின் தப்புன்னா கோடு கல்லு மேல ஏறியிருக்கணும்."

நான் நகரப் பார்த்தேன், அவ விடல.

"முதல் பதினாலு நிமிஷம் மெதுவா நகர்ந்திருக்கீங்க. வலை ஏத்தியிருக்கீங்க, புரியுது. அதுக்கப்புறம் எட்டு நிமிஷம் சும்மா நின்னிருக்கீங்க. அந்த எட்டு நிமிஷம் என்ன மாமா பண்ணீங்க?"

"எஞ்சின் சூடாயிடுச்சு"ன்னேன்.

"சரி. அங்கருந்து கரைக்கு நேர் வழி அந்தச் சிவப்புப் புள்ளி வழியாத்தான். நீங்க வடக்க போய், வில்லு மாதிரி வளைஞ்சு, அப்புறம் கரைக்குத் திரும்பியிருக்கீங்க. எதுக்கு மாமா வளைஞ்சு போனீங்க?"

சின்னப் பொண்ணு. நான் தூக்கி வளர்த்த பொண்ணு. என்னை நிக்க வெச்சு போலீஸ்காரன் மாதிரிக் கேக்குறா. "உங்கப்பன் பஞ்சாயத்துல நிறுத்தினான், இப்ப நீ நிறுத்துறியா?"ன்னேன். வாய் தவறி வந்துடுச்சு. அவ என் மூஞ்சியையே பார்த்தா. "அதுக்காகவா மாமா?"ன்னா. அதுக்காக இல்லடின்னு எத்தனையோ தடவை சொன்னேன். அவ காதுல ஏறல. "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இப்பவே சொல்லிடுங்க, நான் கோட்டை வெச்சு இடத்தைக் கணக்குப் போடணும்"ன்னா. "போடி"ன்னுட்டேன்.

அவ போனதும் நேரா அவ வீட்டுக்குப் போனேன். மேசை மேல என் மெஷின் இருந்துச்சு. என்னுது, நான் எடுத்துக்கிறேன், அதுல என்ன தப்பு? கொண்டுபோய் ஆத்துல வீசிட்டேன். அப்பாடான்னு இருந்துச்சு. அது கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இறங்கிப் பத்திரமா இருக்கும்னு எனக்கு எவன் சொன்னான்? ஆத்துல போட்டா கோடும் போயிடும்னு நினைச்சேன்.

சுகந்தி பஞ்சாயத்தார்கிட்டப் போயிட்டா. அஞ்சப்பனைக் கூப்பிட்டாங்க. கற்பூரச் சத்தியம் பண்ணினவன். அவ கம்ப்யூட்டரைத் திறந்து கோட்டைக் காட்டினதும் அவன் ஒரே நிமிஷத்துல உடைஞ்சுட்டான். தலையில அடிச்சுகிட்டு அழுதானாம். "கத்தியை எடுத்தேன், அண்ணன்தான் பொறுன்னாரு"ன்னானாம். சத்தியத்துக்கு மரியாதை இல்லாத காலம்.

அதுக்கப்புறம் ஊரு போட்டெல்லாம் என் கோட்டை வெச்சுத்தான் போச்சு. அந்த எட்டு நிமிஷம் சும்மா நின்னேன் பாருங்க, அப்ப என் லாஞ்சு தென்மேக்க இழுபட்டிருக்கு. அங்க ஓட்டம் கரையை ஒட்டி வளையுதாம். அதைக் கணக்குப் போட்டு, இந்த இடத்துல பாருங்கன்னு ஒரு வட்டம் போட்டுக் குடுத்திருக்கா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, அந்த வட்டத்துக்குள்ளயே கிடைச்சான் சிங்காரவேலு. ஒரு காலிக் கேனோட சேர்த்துத் தன்னைக் கட்டிகிட்டு மிதந்திருக்கான். மெஷினை ஆத்துல போட்டேனோ இல்லியோ, என் கோடு இல்லன்னா உடம்பு கிடைச்சிருக்குமா? தங்கச்சி கடைசியா மூஞ்சியாவது பார்த்தாளே, அது யாரால? ஒருத்தனாவது அதைச் சொல்லணுமா வேணாமா?

டாக்டர்தான் கெடுத்தாரு. உடம்பைப் பார்த்துட்டு, இவரு வியாழக்கிழமை சாகல, செத்து ஒரு நாள்தான் ஆகுது, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உசிரு இருந்திருக்கும்னு சொல்லிட்டாரு. அதைச் சொல்லாம இருந்திருக்கலாம். சொல்லி யாருக்கு என்ன லாபம்? சுகந்தி அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்துட்டா. "சனிக்கிழமை பத்து மணிக்கு என் கையில இருந்துச்சே, நான்தானே வயரை உருவினேன்"னு அதையே சொல்லிகிட்டிருந்தா. அவ மேல தப்பே இல்லன்னு நானே சொல்லியிருப்பேன். கிட்டப் போக விடல.

காரியம் முடிஞ்சதும் ஊரு கூடிச்சு. என்னை ஒதுக்கி வெச்சாங்க. யாரும் பேசக் கூடாது, நெருப்பு குடுக்கக் கூடாது, என் லாஞ்சுல ஏறக் கூடாது. பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. லாஞ்சு ஆத்துல கட்டினது கட்டினபடி கிடக்கு. இன்னிக்கு அதைப் பார்க்கத்தான் வந்தேன். பாலத்து மேல நின்னு பார்த்துட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன்.

நான் ஊரை விட்டுக் கிளம்பின அன்னிக்குப் பூங்காவனம் வந்தா. ஊருக் கட்டுப்பாட்டை மீறி வந்தா. வெள்ளைச் சீலை. திட்டுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நினைச்சேன். அப்படி எதுவும் பண்ணல. பையில துணி மடிச்சு வெச்சுகிட்டிருந்தேன். வாசப்படிக்கு வெளியில நின்னா.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு உன்னைக் கூப்பிட்டாரா?"

தம்பி, நீங்க யாரோ, நான் யாரோ. நீங்க கரூர்ல இறங்கிட்டா உங்களை நான் திரும்பப் பார்க்கப் போறதில்ல. அதனால சொல்றேன். அந்த எட்டு நிமிஷம் எஞ்சின் சூடாகல. நான் கேபினுக்குள்ள தனியா இருந்தேன். அஞ்சப்பனுங்க பின்னால வலையோட நிக்கிறானுங்க. என் வயர்லெஸ்ல அவன் குரல் வந்துச்சு. கிட்ட இருந்ததால எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு, வேற யாருக்கும் கேட்டிருக்காது, அதுக்குள்ள அவன் பேட்டரி இறங்கியிருக்கும். நடுங்கிகிட்டே பேசினான். "மச்சான், நம்ம லாஞ்சுதானே? தெரியுது மச்சான்"ன்னான். நான் மைக்கைக் கையில எடுத்தேன். எடுத்தேன் தம்பி. அமுக்கல. கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம், "மச்சான், என் மேல கோவம்னா என்னை விட்டுடு. காசிநாதன் அண்ணனால முடியல. அவரை மட்டுமாவது ஏத்திக்க"ன்னான். நாலஞ்சு தடவை அதையே சொன்னான். நான் சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு வடக்க திருப்பினேன்.

கோவமே இல்ல எனக்கு. அவனா அப்படி நினைச்சுகிட்டான்.

பூங்காவனம் அங்கயே நிக்கிறா. "இல்லம்மா, கூப்பிடல"ன்னேன்.

அவ தலையை ஆட்டினா. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுகிட்டா. "அதானே. கூப்பிட்டிருந்தா நீ போயிருப்பண்ணே"ன்னா. சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம நடந்து போயிட்டா.

அத்தனை பெரிய ஊர்ல, தம்பி, என்னைப் புரிஞ்சுகிட்டவ அவ ஒருத்திதான்.